பத்தாம் நம்பர் போல்ட் என்றால் எது? பட்டறைப் பெயர்களின் பின்னணி

ஹார்டுவேர் கடையில் "பத்தாம் நம்பர் போல்ட் நாலு குடுங்க அண்ணே" என்று கேட்டால் இரண்டு விதமான போல்ட் வரக்கூடும். கேட்பவர் பைக் மெக்கானிக் என்று கடைக்காரருக்குத் தெரிந்தால், பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற போல்ட்டை எடுத்து வைப்பார். அதன் தலைதான் 10 மில்லிமீட்டர்; தண்டு 6 மில்லிமீட்டர். வரைபடத்தில் அதற்குப் பெயர் எம்6. கேட் அடிக்கிற வெல்டிங் பட்டறைக்காரர் அதே சொல்லைச் சொன்னால், தண்டு 10 மில்லிமீட்டர் இருக்கிற எம்10 வரும். அதைத் திருக 17-ஆம் நம்பர் ஸ்பேனர் வேண்டும்.

முகம் தெரிந்த கடையில் இதனால் தொல்லை எதுவும் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கிற பம்பு கம்பெனி ஓசூரிலிருக்கிற சப்ளையருக்கு ஆர்டர் அனுப்பும்போது முகம் போவதில்லை, பெயர் மட்டும்தான் போகிறது. அந்தப் பெயரிலேயே எல்லாம் இருந்தாக வேண்டும்.

பட்டறைப் பேச்சைத் தப்பு என்று ஒதுக்குவது என் நோக்கமில்லை. அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்தோ நியாயமாகத்தான் வந்திருக்கின்றன. ஸ்பேனரோடு வாழ்கிறவர் ஸ்பேனர் அளவைச் சொல்கிறார். வரைபடத்தோடு வாழ்கிறவர் தண்டின் அளவைச் சொல்கிறார். எந்தப் பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டையும் தாராளமாகப் புழங்கலாம்.

ஸ்பேனர் எண்ணை நம்பிப் போல்ட் வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எம்8 போல்ட்டின் தலை வழக்கமாக 13. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் அதே எம்8-க்குத் தலை 12 என்று சிறிதாக இருக்கும். எம்10-க்கு 14 இருக்கும். பழைய ஜெர்மன் முறைப்படி எம்10-இன் தலை 17, எம்12-இன் தலை 19. இப்போதைய ஐஎஸ்ஓ எனும் சர்வதேசத் தர முறையில் அவை 16, 18 ஆகிவிட்டன. இந்தியத் தரமான ஐஎஸ் 1364-உம் ஐஎஸ்ஓ வழியில்தான் போகிறது. ஆனால் கடை அலமாரியில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. தலையை வைத்துத் தண்டைச் சொல்ல முடியாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மரையும் நூலும்

இத்தனை அளவு முறைகள் ஒரே பட்டறைக்குள் எப்படி வந்து சேர்ந்தன? மரை என்பது போல்ட்டின் தண்டைச் சுற்றி ஓடும் திருகுப் பள்ளம். ஆதியில் ஒவ்வொரு பட்டறையும் அதைத் தன் விருப்பப்படி வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட்டில் இன்னொரு பட்டறையின் நட் ஏறாது. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், மரையின் கோணம் 55 பாகை, இந்தத் தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று ஒரு பொது முறையை முன்வைத்தார். 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையில் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒருவர் இயந்திரத்தை மற்றவர் பழுதுபார்க்கப் பட்ட பாடு பெரிது. அதன்பின் 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒருங்கிணைந்த மரைக்கு ஒப்புக்கொண்டன. இன்றைய மெட்ரிக் மரையும் 60 பாகைதான்.

இந்தியாவுக்கு ரயிலோடும் ஆலை இயந்திரங்களோடும் விட்வொர்த் வந்தது. 1956-இல் எடை அளவுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. சட்டம் மாறினாலும், ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்தின் போல்ட் மாறாது. அதனால்தான் நம் பட்டறைகளில் எம்10-உம் மூன்று நூல் போல்ட்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கின்றன.

நூல் என்பது நம் கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர் எல்லோரும் புழங்கும் அளவு: எட்டு நூல் ஓர் அங்குலம். மூன்று நூல் என்றால் 3/8 அங்குலம், அதாவது 9.525 மில்லிமீட்டர். எம்10-க்கும் அதற்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. மரையின் இடைவெளியோ எம்10-இல் 1.5 மில்லிமீட்டர்; 3/8-இல் அங்குலத்துக்கு 16 மரை, அதாவது சுமார் 1.59. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் நட் மற்றதன் போல்ட்டில் சில சுற்று ஏறவும் செய்யும். அங்கேதான் ஆபத்து. சரியான பிடிப்பு இல்லாமலே இறுகியதுபோலத் தெரியும். பலம் போட்டு முறுக்கினால் மரை அழிந்துவிடும்.

மெட்ரிக்குக்குள்ளேயே இரண்டு உண்டு. எம்10 என்று மட்டும் சொன்னால் பருமரை, அதாவது 1.5 என்று பொருள். 1.25 இடைவெளி கொண்ட நுண்மரை வேண்டுமென்றால் எம்10 × 1.25 என்று எழுதியே ஆக வேண்டும்.

ஒரு எழுத்து மாறியபோது

போல்ட்டின் பெயர் சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1990 ஜூன் 10 அன்று நடந்தது போதும். இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம், 17,300 அடி உயரத்தை எட்டியபோது விமானி பக்கத்துக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டர் பாதி உடல் வெளியே இழுபட்டுக் கிடந்தார். விமானப் பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி அலஸ்டர் அட்சிசன் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார்.

அதற்கு முந்தைய நாள்தான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. மாட்ட வேண்டிய போல்ட்டின் பெயர் ஏ211-8டி. மாட்டப்பட்ட 90 போல்ட்டுகளில் 84-இன் பெயர் ஏ211-8சி. கடைசி எழுத்து தடிமனைக் குறிப்பது. டி-யை விட சி 0.026 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக, ஒல்லி. இரண்டிலுமே அங்குலத்துக்கு 32 மரை என்பதால் கையில் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. மீதி ஆறு போல்ட்டின் தடிமன் சரி, நீளம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைவு.

விசாரணை அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் வேறு. கழற்றிய பழைய போல்ட்டை எடுத்துக்கொண்டு போய், அதைப் பார்த்து ஒப்பிட்டுத்தான் புதியது எடுக்கப்பட்டது. அந்தப் பழைய போல்ட்டே சரியானதில்லை. அது நீளம் குறைந்த 7டி. ஸ்டோரில் இருந்தவர் இதற்கு 8டி வரும் என்று சொல்லியும் இருக்கிறார். பெயர் சரியாகச் சொல்லப்பட்டது. கண் அதைவிட நம்பகமானது என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று பழைய போல்ட்டை நீட்டுகிற பழக்கம் நம் ஊரிலும் பரவலாக இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அது போதும். பிரேக்குக்கும் லிஃப்டுக்கும் போதாது.

வெர்னியர் இல்லாத வெர்னியர்

அளவுக் கருவிகளின் பெயர்களில் ஆட்களின் பெயர்கள் நிறைய ஒளிந்திருக்கின்றன. பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631-இல் பிரஸ்ஸல்ஸில் வெளியிட்ட நூலில், பெரிய அளவுகோலின் மேல் நகரும் துணை அளவுகோலை விவரித்தார். 49 மில்லிமீட்டரை 50 பாகமாகப் பிரித்து வைத்தால், எந்தக் கோடு எதனோடு நேர்ப்படுகிறது என்று பார்த்தே 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கலாம். அந்தத் துணைக் கோலின் பெயர்தான் வெர்னியர். தாடைகள் கொண்ட முழுக் கருவியின் பெயர் காலிப்பர். இன்று நாம் டிஜிட்டல் வெர்னியர் என்று சொல்கிற கருவியில் வெர்னியர் கோலே கிடையாது. ஜெர்மானியர்கள் இந்தக் கோலுக்கு வெர்னியர் பெயரை வைக்கவே இல்லை. அதற்கும் முன்பே, 1542-இல், வேறொரு முறையில் நுண்ணளவு எடுக்கக் கற்றுக்கொடுத்த போர்ச்சுகீசியர் பெட்ரோ நூனெஸை நினைவில் வைத்து நோனியஸ் என்கிறார்கள்.

பேச்சில் வெர்னியர் என்பது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆய்வு அறிக்கையில் எழுதும்போது மட்டும் எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர் நீளம், மீச்சிற்றளவு (கருவியால் படிக்க முடிகிற மிகச் சிறிய அளவு) என்ன என்று சேர்த்து எழுத வேண்டும்.

திருகைச் சுற்றி நுண்ணளவு எடுக்கும் மைக்ரோமீட்டருக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. 1848-இல் பாரிஸின் ஜான் லோரான் பால்மர் கைக்கு அடக்கமான வடிவத்துக்குக் காப்புரிமை எடுத்தார். 1867-இல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்காவின் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தார் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். பிரெஞ்சுப் பட்டறைகளில் அது இன்றும் பால்மர்தான். நம் பள்ளிப் பாடநூலில் திருகு அளவி. இலங்கைப் பாடநூலில் நுண்மானித் திருகுக் கணிச்சி. பட்டறையில் மைக்ரோமீட்டர், சுருக்கி மைக்.

பள்ளியில் படித்த திருகு அளவியை மனதில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வரும் ஐடிஐ மாணவர்கள் முதலில் தடுமாறுவது ஓர் இடத்தில். பள்ளிக் கருவியில் ஒரு முழுச் சுற்றுக்கு 1 மில்லிமீட்டர், வட்டக் கோலில் 100 பிரிவு. பட்டறைக் கருவியில் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர், 50 பிரிவு. மீச்சிற்றளவு இரண்டிலும் 0.01 தான். ஆனால் அரை மில்லிமீட்டர் கோட்டைக் கவனிக்காமல் விட்டால் அளவு சரியாக 0.5 தப்பிப்போகும். அவர்கள் மேல் குறையில்லை. இரண்டு கருவியையும் பக்கத்தில் வைத்து யாராவது ஒரு முறை காட்டியிருக்க வேண்டும்.

அதுபோக மைக்ரோமீட்டர் என்ற எழுத்துக்கூட்டு தமிழில் கருவிக்கும் ஒன்றுதான், மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான அலகுக்கும் ஒன்றுதான். அலகின் பழைய பெயரான மைக்ரானை உலக அளவியல் மாநாடு 1967-இல் கைவிட்டது. ஆனாலும் நம் பட்டறைகள் மைக்ரான் என்றே சொல்கின்றன. குழப்பம் வராமல் இருக்க அதுவே நல்லது என்பது என் கருத்து.

காலிப்பர், மைக்ரோமீட்டர் என்ற பெயர் வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 1890-இல் எர்ன்ஸ்ட் ஆபே சொன்னது: அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் திருகின் அச்சும் பொருளும் ஒரே கோட்டில் இருக்கின்றன. காலிப்பரில் கோல் ஒரு பக்கம், பொருளைக் கவ்வும் தாடை இன்னொரு பக்கம். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் தாடை சாயும், அளவு மாறும். திரையில் 0.01 என்று காட்டினாலும் இந்தச் சாய்வு போகாது.

25 மில்லிமீட்டர் துளையுள்ள 6205 பேரிங் உட்காரும் தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் 25 கே6 என்று இருந்தால் தண்டு 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மொத்த இடமே 13 மைக்ரான். 20 மைக்ரான் மீச்சிற்றளவு கொண்ட வெர்னியரால் இதைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லவே முடியாது. "வெர்னியர்ல பாத்தேன் சார், கரெக்டா இருக்கு" என்ற பதிலில் ஆளின் நேர்மையில் குறையில்லை, கருவித் தேர்வில் குறை. மைக்ரோமீட்டரே ஆனாலும் அழுத்தம் அளவோடு நிற்கச் செய்யும் ரேட்சட் குமிழைத் திருகித்தான் படிக்க வேண்டும். லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளக்கவும் கூடாது. கருவியைவிட 20 பாகை சூடான எஃகுத் தண்டு இந்த அளவில் ஏறத்தாழ 6 மைக்ரான் விரிந்திருக்கும். இருக்கிற இடத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

கேஜ் என்ற சொல் இன்னும் குழப்பம். பிளக் கேஜ், ஸ்னாப் கேஜ் போன்றவை அளவே சொல்லாது. நுழைகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். ஹைட் கேஜ், டெப்த் கேஜ் அளவு சொல்லும். போர் கேஜ் இரண்டுக்கும் நடுவில்: ரிங்கிலோ மைக்ரோமீட்டரிலோ முதலில் ஒரு அளவை வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று காட்டும். முள் சுற்றி அளவு காட்டும் டயல் கருவியில் பிளஞ்சர் வகை, லீவர் வகை என்று இரண்டு உண்டு. வெறுமனே "டயல் எடுத்துட்டு வா" என்றால் புதிய பையன் எதை எடுப்பான்? ஃபீலர் கேஜைப் பல இடங்களில் ஃபில்லர் கேஜ் என்றே எழுதுகிறார்கள். இடைவெளியை நிரப்புவதால் அப்படி என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் தகடு இடைவெளியில் உரசிச் செல்வதைக் கை உணர்வதால் வந்த பெயர் அது.

தமிழில் பழகிய பெயர்கள் எங்கே உறுதியாக நிற்கின்றன என்று பார்த்தால் மரவேலையிலும் கட்டட வேலையிலும்தான். மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு. மூன்றும் கருவியின் வேலையையோ உருவத்தையோ நேராகச் சொல்கின்றன. ஐடிஐ பாடங்களில் ட்ரை ஸ்கொயருக்குப் பக்கத்தில் மூலைமட்டம் என்றும் எழுதலாம். மாணவன் வீட்டில் அப்பாவோ மாமாவோ புழங்குகிற சொல் அது.

பிராண்டு, ஊர், கடல் தாண்டினால் மாறும் பெயர்

ஆலன் போல்ட்டுக்குப் பெயர் தந்தது அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இருந்த ஆலன் கம்பெனி. ஜெர்மனியில் அதே சாமான் இன்பஸ், இத்தாலியில் ப்ருகோலா. அவையும் தயாரித்தவர்களின் பெயர்களே. தரநிர்ணயப் பெயர் சாக்கெட் ஹெட் கேப் ஸ்க்ரூ. நம் ஊரில் ஆலன் கீ எலன்கீ ஆகி, பில்லில் எல்என் கீ என்று இரண்டு எழுத்தாகவும் மாறிவிட்டது. கடையில் கேட்க எது சொன்னாலும் கிடைக்கும். ஆனால் ஆலன் போல்ட் என்றால் தலை உருளையா, தட்டையாகப் பதிகிற சிஎஸ்கே-யா, குவிந்த பட்டன் தலையா என்று தெரியாது. அது நீளத்தையே பாதிக்கும். உருளைத் தலை என்றால் தலையை விட்டுத் தண்டை மட்டும் அளக்க வேண்டும்; சிஎஸ்கே என்றால் தலையையும் சேர்த்து அளக்க வேண்டும்.

ஸ்டார் ஸ்க்ரூ என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாலு முனைப் பிலிப்ஸ். ஆறு முனை டார்க்ஸையும் சிலர் ஸ்டார் என்கிறார்கள். பிலிப்ஸைப்போலவே தெரிகிற, நடுவில் மெல்லிய குறுக்குக் கோடுகள் கொண்ட போசிட்ரைவ் வேறொன்று. போசிட்ரைவ் தலையில் பிலிப்ஸ் முனையை வைத்தால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.

பிரிட்டிஷ் பெயரும் அமெரிக்கப் பெயரும் மோதும் இடங்களில் ஏற்றுமதிப் பட்டறைகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் வழக்கில் செட் ஸ்க்ரூ என்றால் தலைவரை முழு மரை போட்ட அறுகோணப் போல்ட். அமெரிக்க வழக்கில் அதே பெயர் தலையில்லாத, புல்லியைத் தண்டோடு இறுக்குகிற சிறிய திருகைக் குறிக்கும். அதைத்தான் நாம் கிரப் ஸ்க்ரூ என்கிறோம். அமெரிக்கர்கள் காட்டர் பின் என்றால் இரண்டு காலை விரித்து மடக்குகிற ஸ்பிளிட் பின். நம் சைக்கிள் கடைக்காரர்களுக்குக் காட்டர் பின் என்றால் பெடல் கிராங்கைத் தண்டோடு இறுக்குகிற ஆப்பு வடிவப் பின். அதுதான் பழைய, சரியான பொருள். அறுபது எழுபது வயதுச் சைக்கிள் மெக்கானிக்குகள் அந்தச் சொல்லைப் பிசகாமல் காப்பாற்றி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கையில் பெயர் தெரியாத ஒரு போல்ட் இருந்தால்

வெர்னியரால் மரையின் வெளி விட்டத்தை அளந்து பாருங்கள். எழுதியிருக்கும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். எம்10 என்றால் 9.8-ஐ ஒட்டி. அடுத்துப் பிட்ச் கேஜ் என்ற பல் பலகைகளை வைத்துப் பார்க்க வேண்டும். 1.5 பலகை வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தால் மெட்ரிக். நாலைந்து பல்லுக்கு அப்புறம் விலகினால் அங்குலப் பலகையை எடுங்கள். தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். 8.8 என்பதில் முதல் 8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுபலம். இரண்டாவது 8 என்றால் அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். எண்ணுக்குப் பதில் கோடுகள் இருந்தால் அது அமெரிக்க முறை: மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. எதுவுமே இல்லாவிட்டால் அந்தப் போல்ட்டின் பலத்தைப் பற்றி எதையும் ஊகிக்கக் கூடாது.

கடைசியாக, மரை தண்டு முழுக்க இருக்கிறதா, பாதியா என்று பாருங்கள். இரண்டு தகடுகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று வெட்டப் பார்க்கிற இணைப்பில், வெட்டு விழும் இடத்தில் மரை இல்லாத முழுத் தண்டு இருப்பதே பலம். அங்கே முழு மரைப் போல்ட்டைப் போட்டால் குறைந்த பருமன்தான் தாங்கும்.

இவ்வளவும் சேர்ந்தால் ஆர்டரில் ஒரே வரி: ஹெக்ஸ் போல்ட், எம்10 × 1.5 × 50, அரை மரை, 8.8, ஐஎஸ் 1364, ஜிங்க் பூச்சு. நட்டுக்குத் தனி வரி எழுத வேண்டும். 8.8 போல்ட்டுக்கு 8 என்று குறியிட்ட நட், 10.9-க்கு 10. குறி இல்லாத நட்டை நல்ல போல்ட்டில் போட்டால் முதலில் அழிவது நட்டின் மரையாகத்தான் இருக்கும்.